ஏகாதசிக் கோதுமை

அன்புள்ள அப்பா,

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுதிவிட்டேன்.

உங்கள் பேத்தி மீனுவுக்கு ஆறு வயதாகிவிட்டது; நான்கு வயதுக் குழந்தையின் எடைதான் இருக்கிறாள். சாதத்தை விட்டுக் கோதுமை உப்புமா சாப்பிடும் ஏகாதசி வந்தாலே மறுநாள் வயிறு ஊதிப் படுத்துவிடுவாள். போன வாரம் எர்ணாகுளத்தில் ரத்தம் எடுத்தார்கள். கோதுமை தின்றால் அவள் உடம்பு தன் குடலையே தாக்குகிறதாம்.

தேவராவில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் இதே நோயைத்தான் சோதிக்கிறோம். மனித நொதி ஒன்றைப் பூச்சியின் செல்லில் வளர்த்து, சின்னக் குப்பியில் உறையவைத்து அனுப்புகிறார்கள். அதைத் தட்டின் குழிகளில் பூசி, நோயாளியின் ரத்தநீரை விடுவேன். உடம்பு தனக்கே பகையாகியிருந்தால் குழி மஞ்சளாகும். ஊரார் பிள்ளைகளின் மஞ்சளையெல்லாம் பார்த்த நான் என் பிள்ளையை ஏன் பார்க்கவில்லை?

குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். "நம்மாத்துல யாருக்கும் ஒரு சூக்கேடும் கிடையாது" என்றீர்கள். நம்பினேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். இரண்டு வருடம் வீணாகப் போயிற்று.

நேற்று அம்மா உங்கள் இன்ஷூரன்ஸ் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தாள். அதே பரிசோதனை, அதே முடிவு. உங்கள் பெயர். என் ஜாதகத்தை வெளியே எடுத்த வருடம்.

"உன் கல்யாணம் முடியட்டும்னார். அப்பறம் சொல்ல நாக்கு வரலை," என்றாள். "நீயும் யார்ட்டயும் சொல்லிண்டு நடக்காதே. மீனுவுக்கும் நாளைக்கு வரன் வரணுமோல்லியோ."

"அதுவரைக்கும் அவ இருக்கணுமேம்மா," என்றேன்.

உப்புமாவை ஒதுக்கினால் மட்டாஞ்சேரியில் நாலு பேர் கேட்பார்கள் என்றுதானே தெரிந்தே தின்றீர்கள்? "வாயுடி, வேறொண்ணுமில்லை" என்று வயிற்றைத் தடவிக்கொண்டீர்கள். உங்கள் குடல், உங்கள் இஷ்டம். "தாத்தா கையால ஒரு வாய்" என்று அவளுக்கு ஏன் ஊட்டினீர்கள்? அவள் மறுநாள் சுருண்டு படுத்தபோது ஒரு தடவையாவது அந்தத் தாள் ஞாபகம் வந்ததா?

செவ்வாய்க்கிழமை எண்டோஸ்கோபி. அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாதாம். நிறுத்தினால் குடலில் நோய் சரியாகத் தெரியாதாம். இன்று நானே இரண்டு சப்பாத்தி ஊட்டினேன். "வயிறு வலிக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே தின்றாள். நீங்கள் செய்ததை இப்போது நான் செய்கிறேன்.

செவ்வாயோடு அது முடியும். அடுத்த ஏகாதசியன்று மாலை போட்ட உங்கள் படத்துக்கு எதிரில் இலை போட்டு அவளுக்கு வயிறு நிறையச் சாதம் போடுவேன். ஏன் என்று யார் கேட்டாலும், நோயின் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

இப்படிக்கு,
நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த உங்கள் மகள்,
மீனுவின் அம்மா