சபை மைதானத்தில் ஆறு வீடுகள்

நவம்பர் 18, திங்கள்

ரதீஷோடு மறுபடியும் சண்டை. படிப்பு முடித்து மூன்று வருடம் தாண்டாத ஆர்க்கிடெக்டுகள் ஆறு பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கிறோம். அவனுக்கு அதைப் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் வைக்க வேண்டும். அங்கே வருகிறவர்கள்தான் நமக்கு வேலை தருவார்களாம். காட்டாக்கடையில் வளைகுடாப் பணக்காரர்களுக்கு அவன் வரைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பாதி ஹால். யாருக்கு அந்தப் பகட்டு?

பாறசாலையில் வருடத்துக்கு எத்தனை வீடு எழும்புகிறது, அதில் ஆர்க்கிடெக்ட் வரைந்தது எத்தனை என்று கேட்டேன். எங்கள் சர்ச்சின் சபை ஹாலையும் மைதானத்தையும் கேட்டு வாங்கிவிட்டேன். டிசம்பர் 6, 7, 8.

எனக்கு ஒன்றே ஒன்று நடந்தால் போதும். ஆறில் ஒரு வீட்டைக் காட்டி, இதைக் கட்டித் தாருங்கள் என்று இந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்ல வேண்டும். ஒருவர்.

நவம்பர் 26

அந்த ஒருவர் விமலகுமாரி அக்காவாக இருக்கலாம். அண்டியாபீசில் முந்திரி உடைக்கிறார். எங்கள் சபைதான். காலனியில் மூன்று சென்ட். பஞ்சாயத்தில் வீடு பாஸாகிவிட்டது, ஜனவரியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டும். காண்ட்ராக்டர் மோகனன் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதுதான் பிளான். இந்த ஊரின் எல்லா வீடும் அந்த நாலு கட்டம்தான்.

கண்காட்சி வரை பொறுக்கச் சொன்னேன். “பாத்துட்டுச் சொல்லுதேன் மக்கா” என்றார்.

கண்காட்சிக்கு நான் வரைந்திருப்பதே மூன்று சென்ட் வீடுதான். காலனிப் பாதை வாசலை உரசிக்கொண்டு போகிறது. நடந்துபோகிற எவனும் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்கலாம். ஏழைக்கு மறைவு வேண்டாமா? அதனால் நேர் வாசல் இல்லை. மூன்றடி அகல நடை, ஒரு திருப்பம், பிறகு அறை. நான் வரைந்ததிலேயே நல்லது இதுதான்.

டிசம்பர் 6, வெள்ளி

அவமானம்.

ஹாலில் வரைபடங்களை வரிசையாக மாட்டி, மேசைகளில் அட்டை வீடுகள் வைத்திருந்தோம். பாதிப்பேர் கிறிஸ்துமஸ் குடில் போட்டி என்று நினைத்து வந்திருக்கிறார்கள். யாரோ என் அட்டை வீட்டுக்குள் ஒரு களிமண் ஆட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் பிளாட் விற்பனையா என்று கேட்டார். மோகனன் வந்தார். “நல்ல படம் மோளே, கண்ணாடி போட்டுச் செவத்தில தூக்கலாம்.”

விமலகுமாரி அக்கா என் வரைபடத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இதில நான் எங்க நிக்கேன்?”

விரல் வைத்துக் காட்டினேன். விரலைப் பார்த்தார். தலையாட்டினார். புரியவில்லை.

அவருக்குப் படிக்கத் தெரியவில்லையா, எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லையா? ஐந்து வருடம் என்னதான் படித்தோம்?

டிசம்பர் 7, சனி

காலையில் நாலு சாக்கு சுண்ணாம்புத்தூள் வாங்கி, ஆறு வீட்டையும் மைதானத்தில் முழு அளவில் கோடாகப் போட்டோம். சுவருக்கு இரட்டைக் கோடு, வாசலுக்கு இடைவெளி. அவ்வளவுதான்.

பத்து மணிக்குப் பாடகர் குழுப் பெண்கள் வந்தார்கள். கோட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். மண்ணில் போட்ட கோடு! எதற்குக் கழற்றினார்கள்? யாரும் சுவரைத் தாண்டவில்லை. சுற்றி வாசல் வழியாகவே போனார்கள். ஒருத்தி அடுக்களையில் குந்தியிருந்து, அம்மி வைத்தால் கால் எங்கே நீட்ட என்று கேட்டாள். எங்கள் ஆறு பேரில் பினு வரைந்த படுக்கையறையில் ஒருவர் படுத்தே பார்த்துவிட்டார். கால் வெளியே நீண்டது. பினு முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மத்தியானத்துக்குள் நூறு பேர். ரதீஷ் பூவார் பேச்சை எடுக்கவே இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் விமலகுமாரி அக்கா நேராக என் கோட்டு வீட்டுக்குள் வந்தார். நடை, திருப்பம், அறை. ரோட்டில் போகிறவன் பார்க்க முடியாது, நல்லது என்றார். திரும்பி வெளியே வரும்போது திருப்பத்தில் நின்றுவிட்டார்.

“மக்கா, செத்தா பெட்டி இதில எப்பிடித் திரும்பும்?”

கோயில்குட்டி பொன்னுதாஸ் அண்ணன், மணியடிப்பதும் பெட்டிக்குத் தோள் கொடுப்பதும் அவர்தான், ஹாலிலிருந்து பெட்டி நீளத்துக்கு ஒரு பெஞ்சை எடுத்துவரச் சொன்னார். நாலு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் முட்டி நின்றது. சாய்த்துப் பார்த்தார்கள். தூக்கியவர்களில் ஜிஜோ கோட்டை மிதித்தான். “எலே, செவருக்குள்ள போறான் பாரு” என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒரு முனையை நானே பிடித்துப் பார்த்தேன். திரும்பவில்லை.

பெஞ்சு ரதீஷின் கோட்டு வீட்டுக்குப் போனது. நேராக உள்ளே நுழைந்து ஹால் நடுவில் இறங்கியது. சுற்றிலும் முப்பது பேர் நிற்க இடம். ஜெபக்கூட்டத்துக்கும் இது மதி, போதும் என்றார் பொன்னுதாஸ் அண்ணன். ரதீஷ் என் காதருகில், “சத்தியமாட்டு நான் சோபா செட்டுக்காக்கும் வரச்சேன்” என்றான்.

ஆனால் அது பத்து சென்ட் வீடு.

நாலு வருடம் முன்னால் அக்காவின் கணவர் விஜயதாஸ் அண்ணன் இறந்தபோது, பெட்டி வீட்டுக்குள் நுழையவில்லையாம். பெட்ஷீட்டில் பொதிந்து அடுக்களை வழியாக வெளியே எடுத்தார்களாம். “மழை. ரோட்டில வெச்சுதான் பெட்டியில கிடத்தினோம். ஆளுவ பாத்துட்டு நின்னாவ.” அக்கா அழவில்லை. பெஞ்சை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறில் எந்த வீடு வேண்டும் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டிசம்பர் 9

எங்கள் வீட்டில் ஹால் உண்டு. அப்பாவின் அப்பாவை அங்கேதான் கிடத்தினோம். அதனால்தான் எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. பகட்டாம்! யாரைப் பார்த்து எழுதினேன்?

டிசம்பர் 14, சனி

வரைபடம் எடுக்காமல், அரைச் சாக்கு சுண்ணாம்போடு காலனிக்குப் போனேன். பழைய குடிசையின் பக்கத்துக் காலியிடத்தில் என் வீட்டைத் திரும்பப் போட்டேன். அக்காவிடம் அழிக்கச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு காலால் ஒரு சுவரைத் தேய்த்தார். அப்புறம் நிற்கவில்லை. திருப்பம் போனது. நடை போய் முன்னறையோடு சேர்ந்தது. வாசல் நேராக, நாலடி.

அப்படியானால் ரோட்டில் போகிறவன் பார்ப்பானே என்றேன். விடமாட்டேன், அது என் கொள்கை.

“பாத்துட்டுப் போட்டும். அவனுவ வீட்ட நான் பாக்கலியா?”

கடைசியில் ரெண்டு பேரும் பேசி, அடுப்பை மட்டும் பின்மூலைக்குத் தள்ளினோம். மோகனன் வந்து நின்று, சாகத்தான் வீடு கட்டுகிறீர்களா என்று கிண்டலடித்தார். அக்கா அவரைப் பார்த்தார். இதுதான் பிளான், இதைக் கட்டித் தா என்றார். மோகனன் டேப்பை எடுத்துக் கோட்டை அளக்க ஆரம்பித்தார். ரெண்டு தடவை அளந்தார்.

டிசம்பர் 20

காட்டாக்கடையில் ஒரு கிளப் ஆறு வீட்டையும் அவர்கள் மைதானத்தில் போடக் கேட்கிறது. ரதீஷ் சந்தோஷத்தில் குதிக்கிறான். என் மூன்று சென்ட் வீட்டை மாற்றித்தான் போடுவேன் என்றேன். அவன் ஹாலைச் சுருக்கப் போகிறானாம். எவ்வளவு என்று என்னிடமே கேட்கிறான்!

ஜனவரி 9, வியாழன்

இன்று வானம் தோண்டினார்கள். எங்கள் சபை ஐயர் ஜெபித்தார். வேலியில் மோகனன் பெயர் போட்ட போர்டு, அவருடைய போன் நம்பரோடு. எங்கள் பெயர் எங்கும் இல்லை. பொய் சொல்வானேன், எரிந்தது.

ஆட்கள் டீ குடிக்கப் போனதும் அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரு தையல் மிஷின் வாங்க நினைக்கிறாராம், அண்டியாபீசை விட்டுவிட்டு. காலையில்தான் தைக்க முடியும். ஜன்னல் எந்தப் பக்கம் வைத்தால் துணியில் வெளிச்சம் விழும் என்று கேட்டார்.

கிழக்கு என்று வாய்வரை வந்தது. கிழக்கே அடுத்த வீட்டு மதில், அதற்கு மேலே ஒரு பிலாவு மரம். வெளிச்சம் எங்கே விழும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு வந்து நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அலாரம் ஆறுக்கு.