மஞ்சளா, நீலமா?

மார்ச் 4

அன்புள்ள தையல்கார மகாராஜாவுக்கு,

நலம்தானே? நாலு ஞாயிறாகக் கடைப்பக்கம் நீ தலைகாட்டவில்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை. அடுத்த தெருவில் இருப்பவனுக்குத் தபால்தலை ஒட்ட வைத்துவிட்டாய்.

கோபம் எதற்கென்று தெரியும். போன மாசம் ஒரு ஸ்பீக்கரில், ஓசையைத் தெளிவாக்கும் என்று சொல்கிற சின்னச் சாமான்களான பழைய கண்டன்சர்களைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டு, சுவிட்சை மேலே தள்ளினால் மஞ்சள் கண்டன்சர், கீழே தள்ளினால் நீலம் என்று சொல்லி, எதில் பாட்டு நன்றாக இருக்கிறது என்று வழக்கம்போல உன்னைக் கேட்கவைத்தேன். "நீலத்துல பாட்டுக்காரி மூச்சு விடுறதுகூடத் தெரியுதுடா" என்றாய். பின்பக்கத்தைத் திறந்து, சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே கண்டன்சர்தான் என்று காட்டினேன். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சும்மா விளையாட்டுக்குத்தானே செய்தேன்? அதற்குப் போய் இவ்வளவு வீம்பா?

வக்கீல் வீட்டு ஆம்ப்ளிஃபயர் மேஜையில் திறந்து கிடக்கிறது. எதைப் போடலாம் என்று நீ வந்து கேட்டுச் சொன்னால்தான் மூடுவேன்.

உன்,
ரிப்பேர்காரன்


மார்ச் 11

ரிப்பேர்காரனுக்கு,

கடிதம் கிடைத்தது. வீம்பெல்லாம் இல்லை. போனை எடுத்தாலும் நீ பேசுவது எனக்குக் கேட்காது, அதனால் எடுக்கவில்லை.

ஒரு வருஷமாகவே இப்படித்தான். முதலில் வலது காது போனது, பிறகு இடது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் உன் கடையில் எனக்கு அப்புறம் என்ன வேலை? அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் காலரும் பட்டனுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பாட்டு எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாடுவதுபோல மொத்தையாகத்தான் கேட்கும். இதில் மஞ்சளாவது நீலமாவது! நீ சுவிட்சைத் தள்ளும்போது நான் உன் முகத்தைப் பார்ப்பேன். உனக்குப் பிடித்த சாமான் வந்ததும் உன் புருவம் மேலே ஏறும். உடனே "இதுதான்டா" என்பேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அன்று கீழே தள்ளியபோது உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நல்லதாக ஏதோ போட்டிருக்கிறான் என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்தேன். என்னை மாட்டிவிடப்போகிற சந்தோஷம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். மாதக் கடைசியில் போகிறேன். உன் சட்டை இரண்டும் தைத்தாயிற்று, ஆள் அனுப்பி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
தையல்காரன்


ஏப்ரல் 2

என் அன்பு நண்பனுக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு ஓடிவந்தேன் என்று எழுத ஆசைதான். வரவில்லையே. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்று நாளைத் தள்ளினேன். நேற்று வந்தால் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டம்மா சட்டைப் பொட்டலத்தைக் கொடுத்து, "போன வாரமே கிளம்பிட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். அவரிடம்தான் உன் மகளின் விலாசம் வாங்கினேன்.

ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒருநாளும் வித்தியாசம் தெரிந்ததில்லை. இருபது வருஷமாகக் கண்டன்சர் மாற்றுகிறேன், என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். புருவம் ஏறியது பளபளப்பான சாமானைப் பார்த்துத்தான். நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்ல, நான் உன் வாயைப் பார்த்துப் போட, வக்கீல் முதல் எல்லாரும் நம் இரண்டு பேரையும் நம்பியிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

விளையாட்டு என்று எழுதியது பொய். பொறாமையடா. வருகிறவர்கள் எல்லாம் உன் காதைத்தான் விசாரித்து வந்தார்கள். எனக்குக் கேட்காதது உனக்கும் கேட்கவில்லை என்று நாலு பேர் முன்னால் காட்டிவிடத் துடித்தேன், காட்டியும்விட்டேன். இதைவிட ஈனமான காரியம் நான் செய்ததில்லை.

என்னை மன்னித்துவிடு. இதை உன் எதிரே நின்று சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தில் என் முகம் தெரியாது, நீ எதைப் பார்த்து நம்புவாய்?

உன் நண்பன்