ஃபினாயில் வாசனை தெரியாமல் போன அன்று

சார்,

இன்றைக்குக் காலையில் ஆறாம் நம்பர் ரூமைத் துடைத்தேன். வாளியில் ஃபினாயிலை ஊற்றியதும் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. துடைப்பத்தைச் சாத்திவிட்டு அப்படியே கட்டில் ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். "புள்ளைங்க என்ன பண்ணுதுங்க கலெக்டரம்மா?"ன்னுதான் எப்பவும் ஆரம்பிப்பீங்க. அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கு நீங்க வைத்த பேர் அது. பெரிய பேத்தி நர்சிங் முடித்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு, பேர் எழுதின பேட்ஜ் எல்லாம் இருக்கிறது. பேரன் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு, இப்போது கார் கம்பெனியில். சின்னவள் பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. நம் தெருவில் அந்த வருஷம் வேறு யாரும் எடுக்கவில்லை, நான் விசாரித்துவிட்டேன்.

நல்ல சேதி தீர்ந்தது. இனிமேல் பயம்தான். நாளைக்கு உங்க மகள் வருகிறாள். உங்க திதிக்கு வருகிறவள், அப்பா மேனேஜராக இருந்த லாட்ஜிலேயே தங்கணும் என்று போன் பண்ணினாள். "ஆயா, அப்பாவுக்கு அது எப்படி வந்துச்சுன்னு உங்ககிட்ட உக்காந்து கேக்கணும்"னாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொரோனாவுக்காக மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த லாட்ஜைத் திறந்த அந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? செங்கம் ரோட்டில் ஆட்டோ சத்தம்கூட இல்லை. ஆள் வந்தால் பயம், வராவிட்டாலும் பயம். வருகிறவர்கள் தள்ளித் தள்ளி நிற்க வாசலில் வட்டம் போடச் சொன்னீங்க. ரூம் துடைக்கிற நாங்கள் நாலு பொம்பளைகளும் கோலமாவில் அழகாகப் போட்டோம். வந்த ஜனம் கோலத்தை மிதிக்கக் கூடாதென்று ஓரத்திலேயே ஒருத்தர்மேல் ஒருத்தர் ஒண்டி நின்றார்கள். நீங்க தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீங்க. "நம்ம சனம் உசிர விட்டாலும் விடும், கோலத்த மிதிக்காது. பெயிண்ட்ல போடுங்கம்மா!"

ஆனால் ரூமுக்குள் போனால் சிரிப்பு வராது. யாரோ படுத்திருந்த தலையணையை மூச்சை அடக்கிக்கொண்டு எடுப்போம். காலி பண்ணின ரூமை ஜன்னலைத் திறந்துபோட்டு ஒருநாள் முழுக்கச் சும்மா விடணும், சாவியைச் சோப்புத் தண்ணியில் போடணும், பெட்ஷீட்டை உதறவே கூடாது. எல்லாம் உங்க சட்டம். "ஏன் சார் இவ்ளோ கெடுபிடி?"ன்னு கேட்டதற்கு, "வர்றவங்க சாமிய நம்பி வர்றாங்க, நீங்க என்னைய நம்பி வர்றீங்க"ன்னீங்க. நான் வீட்டுக்குப் போனால் பின்பக்கம் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். பேத்திகள் வாசற்படியிலேயே நின்று கையாட்டுவார்கள்.

தினமும் காலையில் வரிசையாக நிற்கவைத்துக் கேட்பீங்க, "உடம்பு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு சார்." நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். உடம்பு கொஞ்சம் வலித்தது. பெட்ஷீட் அலசின வலிதானே என்று விட்டுவிட்டேன்.

மாடிப்படி துடைக்க ஃபினாயில் ஊற்றினேன். வாசனையே இல்லை. நேராக உங்ககிட்ட வந்து சண்டை போட்டேன். "கடைக்காரன் தண்ணியக் கலந்து ஏமாத்திட்டான் சார்." நீங்க பாட்டிலைத் திறந்து தூரத்திலிருந்தே மோந்து பார்த்து, "ஜோராத்தானே வருது! மாஸ்க்கு போட்டிருக்கீங்கல்ல, அதான்"னீங்க. நானும் சரி என்று போய்விட்டேன். ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சேலத்து அம்மா ஒருத்தர் மலை சுற்றி முடித்துத் திருநீற்றோடு வந்தார். உங்க நெற்றிக்குக் கையைக் கொண்டுவந்தார். நீங்க ரெண்டடி பின்னால் போனீங்க. "மேசை மேல வெச்சிடுங்கம்மா, நானே இட்டுக்கறேன்."

"அண்ணாமலையார் திருநீறுக்கே தீட்டா தம்பி?" என்று அவர் முகம் சுருங்கிப்போனது.

எனக்குத் தாங்கவில்லை. ஓடிவந்து பொட்டலத்தை வாங்கினேன். "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு சாமிய வேணாங்கலாமா சார்?"னு உங்க நெற்றியில் நானே இட்டேன். கண்ணில் விழாமல் இருக்க, பிள்ளைக்கு ஊதுகிற மாதிரி, மாஸ்க்கைக் கீழே இழுத்து ஊதிவிட்டேன். நீங்க கண்ணை மூடிக்கொண்டீங்க.

நாலாம் நாள் உங்களுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வண்டியில் ஏறும்போதுகூடத் திரும்பிப் பார்த்து, "என் நாற்காலிய யாரும் தொடாதீங்க"ன்னுதான் சொன்னீங்க. அதற்கப்புறம் உங்களை நாங்கள் பார்க்கவே இல்லை. எங்களுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தார்கள். எனக்கும் இருந்தது, மற்ற மூணு பேருக்கும் இல்லை. நான் பிழைத்துக்கொண்டேன்.

ஊரில் எல்லாரும், "அந்த சேலத்து அம்மாதான் கொண்டாந்துச்சு"ன்னு பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ரொம்ப நாள் கழித்து என் பேத்தி படித்துக்கொண்டே சொன்னாள், "கொரோனாவுல சில பேருக்கு வாசனை தெரியாமப் போறதுதான் ஆயா மொத அறிகுறி." புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா வருவதற்கு முன்னாலேயே, அன்று காலையிலேயே, அது என்கிட்ட இருந்திருக்கிறது சார்.

உங்களுக்கு என்கிட்டேயிருந்துதான் வந்ததா? சாமிக்குத்தான் தெரியும். ஆனால் பாவம், சேலத்து அம்மா எங்கேயோ இருந்துகொண்டு என் பழியைச் சுமக்கிறார். உங்க மகளும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது புதுசாக வேலைக்கு வந்த பெண்களைக் காலையில் நான்தான் நிற்கவைத்துக் கேட்கிறேன். தும்மல், தலைவலி, தூக்கம் இல்லை, எது சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். "நல்லாத்தான் இருக்கேன் ஆயா"ன்னு ஒருத்தி சொன்னால் அவளைத்தான் ரெண்டாம் தடவை கேட்கிறேன். கிழவி நச்சரிக்கிறாள் என்கிறார்கள். சொல்லட்டும். நீங்க விட்டுப்போனதில் என் கையில் மிச்சம் இது ஒன்றுதான்.

நாளைக்கு உங்க மகள் வந்து காபி குடித்து முடித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். எழுந்து வேறு லாட்ஜுக்குப் போய்விடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. போகாமல் இருந்தால் ஒன்று கேட்பேன். இங்கே எங்ககிட்ட இருக்கிற உங்க படத்திலெல்லாம் பாதி முகம்தான், மாஸ்க்கு போட்ட முகம். மூக்கும் வாயும் தெரிகிற மாதிரி, அப்பா சிரிக்கிற மாதிரி, வீட்டில் இருக்கிற படத்தில் ஒன்றைப் புதுசாகக் கழுவித் தபாலில் அனுப்பும்மா என்று கேட்பேன்.

முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன் சார்.