விட்டுப்போன நாலு புள்ளி

ஸ்டட்கார்ட், ஜெர்மனி
3.10.1991

என் அன்புச் சுபாவுக்கு,

உன் கனகு எழுதுவது. நானும் என் வீட்டுக்காரரும் சுகம். நீ அனுப்பிய மிளகாய் வத்தல் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் அவர் போட்ட தும்மலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு காரியம் சொல்ல வேண்டும், திட்டாமல் படி. கீழ்வீட்டு ஹன்னா அம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் என்னைக் காப்பி குடிக்கக் கூப்பிடுகிற ஒரே மனுஷி. போன வாரம், நான் வடை கொடுத்து அனுப்பிய தட்டைத் திருப்பித் தர மேலே வந்தார். நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் வலது கையில் பச்சை குத்திய ஸ்வஸ்திக்கைப் பார்த்தார். தட்டு விழுந்து உடைந்தது. அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர்தான் விவரம் சொன்னார். நம் ஸ்வஸ்திக்கைப் போன்ற ஒன்றைத்தான் ஹிட்லரின் ஆட்கள் கொடியில் போட்டுக்கொண்டு லட்சலட்சமாக யூதர்களைக் கொன்றார்களாம். ஹன்னா அம்மாவும் யூதர். அவருடைய அம்மாவும் தம்பியும் அப்படித்தான் போனார்களாம். வந்த நாளிலிருந்து ‘வெளியே போனால் முழுக்கைச் சட்டை போடு’ என்று வீட்டுக்காரர் சொன்னதைக் குளிருக்காக என்று நினைத்திருந்தேன், சுபா.

நவம்பர் பதினொன்றாம் தேதி டாக்டர் அந்தத் தோலை வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார். நீயும் நானும் சேர்ந்து குத்திக்கொண்டது. உன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன். பொறுத்துக்கொள்.

உன்,
கனகலட்சுமி


அருப்புக்கோட்டை
16.10.1991

அடியே கனகு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தை அடுப்பில் போடப் போய், மனசு கேட்காமல் மறுபடியும் படித்தேன். எவனோ நம் வாசலில் இருந்ததைத் தூக்கிப் போய்ப் பாவம் செய்தால் கத்தி உன் கைக்கா? இது எந்த ஊர் நியாயம்? கோபம் உன் மேல்தான், அந்த அம்மா மேல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் தட்டு விழுந்துதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். பதினோரு வயதில் திருச்சுழித் திருவிழாவில், ‘எங்கள் வத்தல் கடைக் கதவில் இருக்கிற மாதிரியே வேண்டும்’ என்று பச்சை குத்துகிற முத்துப்பேச்சியிடம் கையை நீட்டியது நீதான். எனக்கு முழுதாகக் குத்தினாள். உனக்குக் கோடுகள் முடிந்ததுமே அழுதுகொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டாய். “ஏ பிள்ள, நில்லு, புள்ளி வைக்கலையே” என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

சரஸ்வதி பூஜைக்கு உன் அப்பா கடைக் கதவில் குங்குமத்தால் கோடு போடுவார். இடையில் நாலு புள்ளி வைப்பது நீ. “எம் மக வந்து புள்ளி வைக்காம கடை தொறக்க மாட்டேன்” என்று தெருவிலேயே நிற்பாரே, மறந்துவிட்டாயா? உன் கையில் இருப்பது பதினெட்டு வருஷமாக அரைகுறையாகவே நிற்கிறது. முடிக்காமலே அழிக்கப் போகிறாய்.

இதோடு ஒரு கோலம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். நடுவில் நம்முடையது, நாலு புள்ளியோடு. சுற்றித் தாமரை. மூன்று நாள் போட்டுப் போட்டு அழித்தேன். உன் கை இப்படி ஆக வேண்டும் என்பது என் ஆசை. அந்த அம்மாவிடம் காட்டு. எடுத்ததும் நீட்டிவிடாதே, கேட்டுவிட்டுக் காட்டு. அவர் தாங்க மாட்டார் என்றால் வெட்டிக்கொள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பொய். நிறையச் சொல்வேன்.

கோபம் ஆறாத,
சுபத்ரா


ஸ்டட்கார்ட்
2.11.1991

என் கோபக்காரிக்கு,

முழுக்கைச் சட்டையோடு கீழே போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஹன்னா அம்மா உள்ளே வரச் சொன்னார். உன் கோலத்தை மடித்தபடியே மேஜையில் வைத்து, ‘இதில் அது இருக்கிறது, பார்க்கிறீர்களா?’ என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் பிரித்தார். தாமரையை விரலால் சுற்றி வந்தார், நடுவைத் தொடவில்லை. இந்தப் புள்ளிகள் என்ன என்று கேட்டார். அப்பாவின் கடைக் கதவையும், நான் அழுது ஓடியதையும், டாக்டர் வெட்டி எடுக்கப் போவதையும் சொன்னேன்.

பிறகு தன் இடது கைச் சட்டையைச் சுருட்டினார். அங்கேயும் பச்சை, சுபா. எண்கள். பதினேழு வயதில் ஹிட்லரின் ஆட்கள் முகாமில் பிடித்துவைத்துக் கைதி எண்ணாகக் குத்தியிருக்கிறார்கள். ‘இதையும் எடுத்துவிடலாம் என்றார்கள். இது என் தோல், இன்னொரு முறை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன்’ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

‘எனக்கு அது என்றைக்கும் அந்தக் கொடிதான். உனக்கு அது உன் அப்பாவின் கதவு. உனக்காக என்னால் மறக்க முடியாது. எனக்காக நீ வெட்டிக்கொள்ளவும் வேண்டாம். என் முன்னால் மட்டும் சட்டையை இறக்கிவிட்டுக்கொள்’ என்றார்.

டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஜூலையில் ஊருக்கு வருகிறோம். முத்துப்பேச்சி இருக்கிறாளா, விசாரி.

உன்,
கனகு


அருப்புக்கோட்டை
20.11.1991

கண்ணே கனகு,

கோபம் போய்விட்டது. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். அந்த அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

முத்துப்பேச்சி பாலவனத்தத்தில் இருக்கிறாள், பச்சை குத்தப் பேட்டரி மிஷின் வாங்கிவிட்டாள். “அந்த அழுமூஞ்சிப் பிள்ளயா? வரச் சொல்லு. இங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எம்புட்டுத் தூரம் ஓடுதுன்னு பாக்கேன்” என்றாள். தாமரையை அவள் குத்துவாள். புள்ளியை நான் வைக்கலாமா என்று கேட்டேன். என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கோலம் போடுற கைதான, ஆடாது” என்றாள். வாரக் கடைசியில் போய்ப் பழகுகிறேன். பூசணிக்காய்கள்தான் பாவம்.

உன்,
சுபா


ஸ்டட்கார்ட்
5.9.1992

என் சுபாவுக்கு,

கை நன்றாக ஆறிவிட்டது. நீ வைத்ததில் நாலாவது புள்ளி மட்டும் சற்றுப் பெரியது. அதை வைக்கும்போது உன் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்தேன், முத்துப்பேச்சியிடம் சொல்லவில்லை. பதிலுக்கு நான் ஓடவில்லை என்பதை நீ எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வந்ததிலிருந்து ஹன்னா அம்மா வீட்டுக்குச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுத்தான் போகிறேன். நேற்று காப்பியை வைத்துவிட்டு, ‘முடித்துவிட்டாயா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவரே என் சட்டைக் கையின் பட்டனைக் கழற்றி, மெதுவாகச் சுருட்டினார். கோடுகளைத் தொடாமல், புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தன் பாஷையில் எண்ணினார்.

‘நாலும் இருக்கிறது’ என்றார்.

பிறகு சட்டையை இறக்கி, பட்டனை அவரே போட்டுவிட்டார். காப்பி ஆறிப்போயிருந்தது, இரண்டு பேரும் குடித்தோம்.

என்றும் உன்,
கனகு