மேடையில் இரண்டாவது நாற்காலி

தலைநகர்,
ஜனவரி 9

அன்புள்ள கோச்,

நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் வந்தால் வீங்கிக்கொள்கிறது என்று மகள் சொன்னாள். மைதானத்தில் பையன்களோடு சரிக்குச் சரி ஓடாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நமக்குள் போன் என்றாலே நலம் விசாரிப்பதற்குள் சண்டை வந்துவிடும். கடிதம் என்றால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டுதானே ஆக வேண்டும்!

விஷயத்துக்கு வருகிறேன். பிரதமர் வேட்பாளர் போட்டிக்குக் கட்சியில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் மாநாட்டில் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எதிரில் நிற்பவர் பழைய நிதியமைச்சர். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பஸ் நிறைய ஆட்களோடு மேடை ஏறுகிற மனிதர்.

போன வாரம் கட்சிச் செயலாளர் கூப்பிட்டு, மாநாட்டு மேடையின் வரைபடத்தை மேசையில் விரித்தார். நடுவில் இரண்டு நாற்காலிகள்.

"இது உங்களுக்கு. இது சாருக்கு."

"எந்த சாருக்கு?"

"உங்க வீட்டுக்காரருக்குத்தாங்க."

"நாங்க தனித்தனியா இருக்க ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சே."

"அது நமக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியணுமா என்ன? ஒரே ஒரு நாள் வந்து பக்கத்துல உக்காந்து சிரிச்சாப் போதும்."

நாற்காலியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதர் அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. உங்களிடம் ஆள் அனுப்புவார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யார் வந்து எப்படிக் கெஞ்சினாலும் நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. வரவேண்டாம், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாயாடி

---

ஜனவரி 22

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் உன் செயலாளர் அனுப்பிய இரண்டு பேர். ஒருவர் கையில் இஞ்ச் டேப். மாநாட்டுக்குக் கோட் தைக்க அளவு எடுக்க வேண்டுமாம். கோல் போஸ்ட் பக்கத்தில் என்னை நிற்கவைத்து அளந்ததைப் பார்த்துப் பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "கோச்சுக்குக் கல்யாணமா?" என்று ஒருத்தன் கத்தினான்.

மறுநாள் உன் நிதியமைச்சர் கூட்டம். டிவிக்குப் பேட்டி வேண்டுமாம்.

"அம்மா பதவிக்காக உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க சார். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"அவளுக்கு அங்க வேலை, எனக்கு இங்க வேலை. யாரும் யாரையும் விட்டுட்டுப் போகல."

"அப்படிச் சொன்னா எப்படி சார் நியூஸ் ஆகும்?"

"ஆக வேண்டாம். முதல்ல ஈரப் புல்லுல இருந்து ஷூவை எடுங்க" என்றேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உன் பெயர் தினம் பேப்பரில் வருகிற இந்த நேரத்தில் சொல்வதா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். கணவரை இழந்தவர். இரண்டு வருடமாக மாலை டீயை ஒன்றாகக் குடிக்கிறோம். சேர்ந்து வாழலாம் என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது. மறைவாக வாழ டீச்சருக்குச் சம்மதமில்லை. எனக்கும் இல்லை. நீயும் நானும் சட்டப்படி பிரிந்தால்தான் முடியும்.

பொதுத்தேர்தல் முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றாள். முகம் வாடியது, ஆனாலும் சரி என்றாள்.

இன்னொன்று. நீ வேண்டாம் என்கிறாய். ஆனாலும் சொல்கிறேன், நான் மேடைக்கு வருகிறேன். ஒரு நாள்தானே. உன் முதல் கவுன்சிலர் தேர்தலுக்குத் தெருத் தெருவாகப் போஸ்டர் ஒட்டியவன் நான். கடைசியாக இதையும் செய்துவிட்டுப் போகிறேன். ஜெயித்த பிறகு சத்தமில்லாமல் கோர்ட்டுக்குப் போகலாம். நீ வாய்விட்டுக் கேட்க மாட்டாய் என்று தெரியும். என்னிடம் நீ எதைத்தான் கேட்டிருக்கிறாய்? அதனால் நானே சொல்கிறேன்.

அன்புடன்,
கோச்

---

தலைநகர்,
பிப்ரவரி 16

அன்புள்ள கோச்,

பதில் எழுத நேரமில்லை என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். நேரம் இருந்தது.

டீச்சரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு கூட்டத்துக்குப் போய் மருத்துவமனை நிதி பற்றி நன்றாகப் பேசினேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை. உங்கள் குறட்டை டீச்சருக்குத் தெரியுமா? முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

மகளிடம் நானே சொன்னேன். அவள் படிக்கிற கால்நடைக் கல்லூரியில் ஏதோ மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுக் கைகழுவிக்கொண்டே, "உங்க ரெண்டு பேருக்கும் இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள். அவ்வளவுதான். உங்கள் பெண்!

இப்போது உங்கள் யோசனைக்கு வருகிறேன். பெரிய மனசோடு சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் ஜெயிப்பது கிட்டத்தட்ட நிச்சயம். செயலாளர் விரல்விட்டு எண்ணிக் காட்டிவிட்டார்.

ஆனால் போன வாரம் துறைமுகப் பக்கம் ஒரு தெருக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "ஏம்மா, ஊர் ஊரா சுத்துறியே, உன் வீட்டுக்காரர் எங்கே?" கூட்டம் சிரித்தது. "அவர் ஊர்ல பசங்களுக்குப் பந்து விளையாடச் சொல்லிக் குடுக்கிறாருங்க. நான் உங்க ஆஸ்பத்திரியைப் பத்திப் பேச வந்திருக்கேன். இந்தத் தெருவுல கடைசியா ஒரு பிள்ளை எங்கே பிறந்துச்சு, சொல்லுங்க" என்றேன். பின்னால் ஒரு பெண்தான் சொன்னாள், "லாரியில பிறந்துச்சுக்கா." அதன்பிறகு வீட்டுக்காரரைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று உங்களுக்கு மட்டும்தான் முழுக்கத் தெரியும். பெரியாஸ்பத்திரி டெலிபோன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஆம்புலன்ஸ் வண்டி இல்லைங்க, வேற எங்கயாவது பாருங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு கசந்துபோனவள் நான். கவுன்சிலர், மேயர், எம்.பி., சுகாதார அமைச்சர் என்று எங்கே போனாலும் அந்த ஒரே வரியை இனி யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் போனேன். அமைச்சராக இருந்தபோது பாதி ஊர்களுக்கு வண்டி வந்தது. மீதிப் பாதிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் பிரதமர் மேசை. அங்கே போக வேண்டும், போவேன். ஆனால் உங்களைப் பொம்மையாக உட்காரவைத்துப் போக மாட்டேன். இன்றைக்கு நான் புருஷனைக் காட்டி ஜெயித்தால், நாளைக்கு எனக்குப் பின்னால் வருகிறவளிடமும் அதையே கேட்பார்கள். காட்ட ஆள் இல்லாதவள் என்ன செய்வாள்?

அப்புறம், டீச்சரம்மாவைக் காக்கவைப்பது. நான் ஜெயிப்பதற்காக ஒரு பெண் முகம் வாடிச் "சரி" சொல்ல வேண்டுமா? எனக்கு வேண்டாம் அது.

தேர்தல் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கோர்ட்டுக்குப் போவோம். இருவரும் சம்மதித்து, இத்தனை காலம் தனியாகவும் இருந்திருப்பதால் ஒரே விசாரணையில் முடிந்துவிடும் என்கிறார் வக்கீல். செயலாளரிடம் சொன்னேன். "தேர்தல் நேரத்துல விவாகரத்தா! உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க!" என்று குதித்தார். குதிக்கட்டும்.

மார்ச் இரண்டாம் வாரம் வரமுடியுமா என்று மட்டும் எழுதுங்கள். கேட்கிறேன். பாருங்கள், கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வாயாடி

---

ஏப்ரல் 19

அன்பு வாயாடிக்கு,

கோர்ட் வராந்தாவில் நான் வாங்கிக்கொடுத்த காப்பியை நீ பாதியிலேயே வைத்துவிட்டுப் போனாய். அந்த நாளைப் பற்றி எழுதலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. "இனி சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா?" என்று நீதிபதி கேட்டபோது நாம் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோமே. நீ லேசாகச் சிரித்தாய். நீதிபதிக்குக் குழப்பமாகிவிட்டது, இவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று. எனக்கும்தான்.

மாநாட்டைப் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எல்லாரும் சேர்ந்து டிவியில் பார்த்தோம். டீச்சரும் இருந்தாள். உன் நிதியமைச்சர் எழுந்து, "சொந்த வீட்டையே கட்டிக் காக்கத் தெரியாதவங்க நாட்டை எப்படிக் காப்பாத்துவாங்க?" என்றபோது அறையில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலிருக்கப் பாடுபட்டார்கள்.

அப்போது நீ எழுந்தாய். மைக்கைச் சரிசெய்யக்கூட இல்லை.

"என் வீட்டைப் பத்தி அவர் எதுக்குச் சொல்லணும்? நானே சொல்றேன். நானும் என் வீட்டுக்காரரும் போன மாசம் சட்டப்படி பிரிஞ்சுட்டோம். யாரும் யாரையும் ஏமாத்தல. அவர் நல்ல மனுஷர். இன்னிக்கு ஒரு நாள் இங்க வந்து பக்கத்துல உக்கார்றேன்னு அவரே சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். அப்படி ஒரு படம் காட்டி உங்க ஓட்டை வாங்கியிருந்தா, நாளைக்கு கஜானாவுல எவ்வளவு இருக்குன்னு நான் சொல்றதையும் நீங்க நம்பக் கூடாது."

நான் நினைத்தேன், போச்சு, கதை முடிந்தது என்று. பிறகு பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தார். அப்புறம் அந்த வரிசை. அப்புறம் அடுத்தது. ஓட்டை எண்ணி உன் பெயரைச் சொன்னபோது எங்கள் தலைமையாசிரியர், இருபது வருடமாக யாருமே சிரித்துப் பார்க்காத மனிதர், மேசைமேல் ஏறாத குறை.

ஒரு புகார் இருக்கிறது. நீ என்னைப் பற்றி அப்படிப் பேசப் போகிறாய் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாளே மைக்கும் கையுமாக நிருபர்கள். டீச்சர்தான் வெளியே போனாள். "அவங்க என்னை ஒரு நாள்கூடக் காக்க வைக்கல. அவங்களுக்கு என் ஓட்டு. போதுமா? இப்ப எனக்கு ஏழாம் வகுப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

நாங்கள் அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். உன்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருந்தேன். "கூப்பிடுங்க. வரமாட்டாங்க. ஆனா கூப்பிடணும்" என்றாள் டீச்சர். எனவே கூப்பிடுகிறேன்.

விடாதே. பந்து உன் காலில் இருக்கிறது. ஓடு.

அன்புடன்,
கோச்

---

தலைநகர்,
அக்டோபர் 3

அன்புள்ள கோச்,

உங்கள் அழைப்புக்கு நான் பதில் எழுதவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் மலையடிவாரத்தில் ஒரு சந்தையில், பழப் பெட்டிமேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவில் சொன்ன வரியையே மூன்று தடவை சொன்னேன். களைப்பு என்று நினைத்துக் கூட்டத்தில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மேலே பேசினேன்.

பொதுத்தேர்தல் முடிவு உங்களுக்குத் தெரியும். அறுதிப் பெரும்பான்மை இல்லை. இரண்டு சின்னக் கட்சிகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். எத்தனை நாள் நிற்பேன் என்று பந்தயம் கட்டுகிறார்களாம். கட்டட்டும். இருக்கிற நாளில் முதலில் கையெழுத்தாகப் போவது அந்த வண்டிகள்தான். மீதிப் பாதி ஊர்களுக்கும். நிதிச் செயலாளர் இப்போதே, "அதுக்கு வழியில்லைங்க மேடம்" என்று ஆரம்பித்துவிட்டார். வழியைத் தேடிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் நாம் இருவருமாக உட்கார்ந்து தேடுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மகள் வந்திருக்கிறாள். இந்தப் பிரதமர் வீட்டின் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பத்து மாட்டைக் கட்டலாம்மா" என்றாள்.

நாளைக் காலை பதவிப் பிரமாணம். அதன்பிறகு எனக்கு வருகிற கடிதங்களையெல்லாம் ஓர் அதிகாரி பிரித்துப் படித்து, சுருக்கம் எழுதி, முத்திரை வைத்துத்தான் உள்ளே அனுப்புவாராம். நான் எழுதுகிறவையும் அந்த வழியாகத்தான் வெளியே போகுமாம். இது பாதுகாப்பு என்கிறார்கள். உங்கள் முழங்கால் வீக்கத்துக்கும் டீச்சரம்மாவின் கோபத்துக்கும் ஒரு அதிகாரி சுருக்கம் எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டீச்சரம்மாவுக்கும், தன் வீட்டுக்கு வருகிற தபாலைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அலுத்துப்போகும். அலுக்கத்தான் வேண்டும். ஆகையால் இதோடு நிறுத்திக்கொள்வோம். மகள் விஷயம் ஏதாவது இருந்தால் அவளே இருவருக்கும் சொல்வாள்.

உங்களை நான் எதுவுமே கேட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். கேட்காமலேயே நீங்கள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். அதையும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

டீச்சரம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பையன்களோடு ஓடாதீர்கள்.

வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். வழக்கம்போலப் போய் வருகிறேன் என்று எழுதக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

போகிறேன்.

வாயாடி