கூழாங்கல் யாரென்று தெரிந்துவிட்டது

மார்ச் 4, செவ்வாய்

இணையத் தியானக் குழுவில் புது உத்தரவு. திங்கள் முதல் யாரும் புனைபெயரில் எழுதக்கூடாதாம். ‘உண்மையைத் தேடி வந்தவர்களுக்கு முகமூடி எதற்கு?’ என்று ஒருங்கிணைப்பாளர் அறிவித்திருக்கிறார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துச் சரிபார்க்கிற புத்தி இன்னும் போகவில்லை.

அந்த எரிச்சலில், எக்ஸ்ரே எடுக்க வந்தவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னவள் விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், முகம் சிவந்து நின்றார்.

குழுவில் என் பெயர் கூழாங்கல். அது நான்தான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மார்ச் 5, புதன்

நாத்தனாரும் அதே குழுவில்தான். சொந்தப் பெயர், பக்கத்திலேயே ‘தலைமையாசிரியை (ஓய்வு)’. இன்று சாப்பிடும்போது இவரிடம் சொல்கிறார்: “கூழாங்கல்னு ஒரு பொண்ணு எழுதுறா, படிச்சா நெஞ்சு கனக்குதுடா. அவ வீட்ல இருக்கறவ மனுஷியே இல்ல.”

நான் தண்ணீர் குடித்தேன். வேறென்ன செய்ய?

போன வருடம் ஐந்தாம் மாதத்தில் குழந்தை போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, பார்க்க வந்தவர்கள் முன்னால் வைத்து நாத்தனார் சொன்னார்: “எக்ஸ்ரே ரூம்லயே கெடந்தா எப்படித் தங்கும்?” உண்டானது தெரிந்த அன்றே நான் அந்த அறையை விட்டுப் பதிவு மேசைக்கு மாறிவிட்டேன். அது அவருக்கும் தெரியும்.

குழுவில் வேலையை மறைத்து, மற்றதை அப்படியே எழுதினேன். கண்ணை மூடினால் கடவுள் வருவதில்லை, அந்தப் பேச்சுதான் வருகிறது, எப்படி மன்னிப்பது என்று. நிறைய உபதேசம் வந்தது. ஒரே ஒருவர்தான், ‘மன்னிக்க அவசரப்படாதே தங்கையே, முதலில் அழுது தீர்’ என்று எழுதினார். யார்? நாத்தனாரேதான்! அதைப் படித்து அழவும் செய்தேனே. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

ஒருங்கிணைப்பாளரைப் போனில் பிடித்தேன். நான் எழுதியதையெல்லாம் அழித்துவிடுங்கள், விலகிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

“அழிக்கறதுக்கில்லம்மா. அது குழுவோட சொத்து. ஆன்மிகத்துல ஒளிஞ்சு நிக்கலாமா?”

“நான் ஒளியல சார். அங்க மட்டும்தான் நெசத்தப் பேசினேன்.”

“நெசம்னா பேரைச் சொல்ல என்ன பயம்?”

என் நாத்தனாரோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தால்தான் பயம் என்னவென்று தெரியும். ஒருங்கிணைப்பாளர் போனை வைத்துவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

செய்துவிட்டான் அந்த வங்கிக்காரன். சேரும்போது பதிவுக்காகக் கொடுத்த பெயரை எடுத்து, கூழாங்கல் இருந்த இடத்திலெல்லாம் போட்டுவிட்டான். பழைய பதிவுகள் உட்பட. ஒவ்வொரு வரிக்கும் மேலே என் பெயர்.

வீடு திரும்பினேன். நாத்தனார் அறைக் கதவு சாத்தியிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் குழுவில் எழுதியிருக்கிறாள்: ‘ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டே என் முதுகில் குத்தியிருக்கிறாள்.’ உடனே கூட்டம் கூடிவிட்டது. என்னைச் சகோதரி என்று உருகியவர்களெல்லாம் நஞ்சு என்கிறார்கள். ஒரு டாக்டர் ஆதாரம் கேட்கிறார். ஆதாரமா? என் வயிற்றைக் காட்டவா?

இவர் புலம்புகிறார். “ஊருக்கெல்லாம் எழுதுற. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“அன்னைக்கு நீங்க பக்கத்துலதான நின்னீங்க?”

எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 14, வெள்ளி

விலகினேன். கடைசியாகச் சொந்தப் பெயரில் ஒரே வரி: ‘எழுதியது அத்தனையும் நடந்தது.’

மார்ச் 22, சனி

எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவது? இன்று அடுப்படியில் வெடித்துவிட்டது.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல,” என்றார் நாத்தனார். “பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவ நான். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா? நீயா கட்டிவிட்ட கதை.”

“வந்துச்சுக்கா. நல்லாவே வந்துச்சு.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வாசற்படியில் இவர். எப்போது வந்தாரோ. “நீ சொன்னக்கா,” என்றார். “நானும் கேட்டுக்கிட்டுதான் நின்னேன். வாயத் தொறக்கல.”

பால் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. கடைசியில் நாத்தனார்தான் அணைத்தார்.

“என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

கரித்துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “மாட்டேன்,” என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நேர்மையான பேச்சு.

மார்ச் 23, ஞாயிறு

இவரே சொன்னார், தனியாகப் போய்விடலாம் என்று. சரி என்றேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

புது வீடு. பாத்திரங்கள் இன்னும் மூட்டையில். குழாயில் துரு வருகிறது.

மதியம் நாத்தனார் போன் செய்தார். தம்பிக்கு அல்ல, எனக்கு.

“மன்னிப்பெல்லாம் கேக்க எனக்கு வராது,” என்றார்.

“நான் எதிர்பார்க்கல.”

வைத்துவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“என்ன குழந்தைன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களா?”

இதுவரை யாரும் கேட்டதில்லை. இவர்கூட.

“பொண்ணு,” என்றேன்.

இப்போதும் அவர் வைக்கவில்லை. நானும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.