தடைக்காலத்தில் பருப்பு காயவைத்தது

மே 6, செவ்வாய்

காற்று தெற்கு. கடல் அமைதி. நமக்கென்ன, படகு கரையில். மீன்பிடித் தடை முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். டிரிப் கணக்கு எழுதும் நோட்டு சும்மாதானே கிடக்கிறது. வீட்டு விஷயம் எழுதலாம்.

தேவகி பெரம்பூர் போய் மூன்று நாள். பெண்டாட்டி இல்லாத வீடு ஒரே சத்தமில்லாமல் இருக்கிறது. மகள் கௌசிக்கு நாலாம் மாதம், மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மருமகன் வீட்டில் எல்லோரும் தங்கமானவர்கள், பாவம் அவர்களும் என்னதான் செய்வார்கள். ஞாயிறு அன்று பெண்ணை இங்கே கூட்டி வருகிறாள்.

போனில் தேவகி: "ரெண்டு கிலோ எறங்கிகீறா யா. மீன் வாசன மூக்குல ஏறக்கூடாதுன்னு இங்க எல்லாத்தியும் நிறுத்திட்டாங்க. நம்ம வூட்ல கீற கருவாட்டெல்லாம் அஞ்சல அக்காகிட்ட குடுத்துடு. பருப்பு ரசமும் சோறும்தான். அதுனா உள்ள எறங்கட்டும்."

கொடுத்தேன். நெத்திலி, சுறா, வாளை. மனசில்லாமல் தாரை வார்த்தேன். அஞ்சலை அக்கா பக்கத்து வீடு, கருவாட்டு வியாபாரம். கடலுக்குத் தண்ணீர் கொடுத்த கதை.

சாயங்காலம் பருப்பு டின்னைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு வண்டு என் கட்டைவிரல் மேல் ஏறி வந்தது. இதோடு முடிந்தால் பரவாயில்லை என்று கையை விட்டேன். முடியவில்லை.

மே 7, புதன்

வெயில் காலை ஏழுக்கே சுள்ளென்று.

டார்ச் அடித்துப் பார்த்ததில்:
அரிசி – கறுப்பு வண்டு. ஏராளம்.
து. பருப்பு – பாதி ஓட்டை. அடியில் மாவு.
ரவை – நூல் கட்டி, வெள்ளைப் புழு. குப்பைக்கு.
மைதா – அதுவும்.
வேர்க்கடலை, மிளகாய் – தப்பித்தன.

தடைக்காலத்துக்கென்று இரண்டு மாதச் சாமான் மொத்தமாக வாங்கியது. டின்னில் இருந்த பழைய பருப்பின் மேலேயே புதிதைக் கொட்டியவன் நான்தான். இதை எங்கும் சொல்லப்போவதில்லை.

அலமாரி முழுக்கக் காலி செய்தேன். மூடியின் மரையில், பலகை இடுக்கில் எல்லாம் புழு. வெந்நீர், பழைய துணி, குச்சி. இன்ஜின் ரூமைக்கூட இப்படித் துடைத்ததில்லை.

வண்ணாரப்பேட்டை மளிகைக்கடை பாயிடம் யோசனை கேட்டேன். சொன்னார்: "பொடச்சி சலிச்சிட்டு அரிசிய நெழல்ல போடு தலைவா, பருப்ப வெயில்ல போடு. நல்லா ஆறுன பொறவு டப்பால கொட்டு. சூட்டோட மூடுனா உள்ள வேர்த்துடும், அப்றம் வண்டுக்கு கல்யாண விருந்துதான். டப்பாவும் ஈரமா இருக்கக்கூடாது."

வசம்பு வாங்கினேன். புது ரவை அரை கிலோ. அதை நாலு நாள் ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னார், முட்டை இருந்தால் செத்துவிடுமாம்.

ராத்திரிச் சாப்பாடு பன்னும் டீயும்.

மே 8, வியாழன்

மொட்டைமாடி. முறத்தில் புடைத்தேன். பருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அஞ்சலை அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மாம் பெரிய போட்ட ஓட்றான், ஒரு மொறத்த ஓட்டத் தெர்ல."

அவளே வாங்கிப் புடைத்துக் கொடுத்தாள். பத்து நிமிஷம். ஓட்டைப் பருப்பு எல்லாம் தனியே வந்துவிட்டது. அரிசியை உள்ளே ஃபேனுக்குக் கீழே பரப்பினேன். பருப்புக்குப் பெரிய பாய் வேண்டும் என்றேன்.

"என்து கீது, எட்த்துக்கோ நைனா. கழுவி வெச்சதுதான்."

மாடியில் பாதி அவளுடைய கருவாடு, பாதி என் பருப்பு. காக்கா எல்லாம் அவள் பக்கம். எனக்குக் காவல் வேலையே இல்லை. நிழலில் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டேன். வண்டுகள் வெயில் தாங்காமல் வரிசையாக இறங்கிப் போயின. போகட்டும். இத்தனை சந்தோஷம் வஞ்சிரம் மாட்டியபோதுகூட இருந்ததில்லை.

மே 9, வெள்ளி

இரண்டாம் நாள் வெயில். கையில் எடுத்தால் சலசல என்கிறது. ஆறவைத்தேன். டின்களைக் கழுவி, காயவைத்து, பருப்பு, வசம்பு, காய்ந்த வேப்பிலை. மூடியதும் ஒரு முறை தட்டிக்கொடுத்தேன்.

பெருமை தாங்காமல் ஒரு பிடி காகிதத்தில் மடித்துக்கொண்டு பாயிடம் காட்டப் போனேன். பார்த்தார். "சூப்பர்" என்றார். பிறகு மோந்தார்.

"இன்னா தலைவா, கருவாட்டுக் கொழம்புல போடவா?"

பாய் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அஞ்சலை அக்கா அந்தப் பாயை மாடியில் விரிப்பதே கருவாடு காயவைக்கத்தான் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாதா. அதில் போய்ப் பருப்பைப் பரப்பியிருக்கிறேன். யாருக்கு? மீன் வாசனையே ஆகாதவளுக்கு.

நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவை மோக்கச் சொன்னேன். "பருப்பு வாசனதான் வருது." என்கூடப் படகில் வரும் குமார் இரண்டு முறை இழுத்து மோந்தான். "ஒண்ணியும் இல்ல மாமு, பேஜார் பண்ணாத." கருவாட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த தெருவில் மூக்கு சாட்சி கேட்டால் இப்படித்தான்.

மே 10, சனி

காலையிலேயே பாய் கடை. புதுப் பருப்பு ஒரு கிலோ. சின்ன டப்பாவில் தனியாக. கௌசிக்கு இது. டின்னில் இருப்பது நமக்கு.

தேவகியிடம் போனில் சொல்லவில்லை. சொன்னால் காது கிழியும். நேரில் பக்குவமாகச் சொல்லலாம். உண்மையில் பயம்தான். கௌசி போனில் "நைனா" என்று கூப்பிட்ட குரல் நூல் மாதிரி இருந்தது. வெகுநேரம் அதுவே காதில் இருந்தது.

மே 11, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்துவிட்டார்கள். கௌசி கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இளநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே ஓடிவிட்டேன், அழுவது தெரியக்கூடாதென்று. கல்மண்டபம் வரை தேடி, நல்லதாக நாலு.

திரும்பி வந்தால் ரசம் கொதித்து இறங்கியிருக்கிறது. தேவகி முகமெல்லாம் பல். "இன்னா யா, டின்னுல ஒரு பூச்சி கூட இல்ல. நீயா பண்ண?"

"எந்த டின்னு?"

"பெரிய டின்னுதான். வேற எது?"

அதற்குள் கௌசி முன்னால் தட்டு. பருப்பு, ரசம், சோறு. வாந்தி வந்தால் பிடிக்க நான் பேசினை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வாய். நிறுத்தினாள். மோந்தாள். பேசினை நீட்டினேன்.

இரண்டாம் வாய். மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

"இது இன்னா பருப்பு நைனா? லேசா கருவாட்டு வாசன வருது."

தேவகி என்னைப் பார்த்தாள். நான் பேசினைப் பார்த்தேன்.

"நல்லா கீது. அங்க எல்லாம் கழுவிக் கழுவி, ஒரே சோப்பு வாசன. இன்னும் கொஞ்சம் போடும்மா."

போட்டாள். மறுபடியும் போட்டாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. வாந்தி இல்லை. இரண்டு மணி நேரம். இல்லை.

தேவகியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பழையதன் மேல் புதிதைக் கொட்டியது உட்பட. திட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி நாலு. கௌசி உள்ளேயிருந்து: "நைனா, பருப்பு இன்னும் கீதா?"

இருக்கிறது, அம்மா. பத்து கிலோ இருக்கிறது.